லவினா அண்ணி முன்னால் நடந்தாள்

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும். அன்று அந்தப் புழுதியில் என் குதிரை நடுங்கியதை அவர்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நாள் முழுக்கக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நேரம்கூட இன்னும் மறக்கவில்லை.

1852, ஜூன் 19. அமெரிக்காவில் பிளாட் ஆற்றங்கரையோரம், மேற்கே ஒரேகான் போகும் இருபத்திரண்டு கூண்டு வண்டிகள். என் அண்ணன் நேதன் இரண்டு வருடம் முன்பே அங்கே போய் நிலம் பிடித்து, வீடு கட்டிக் காத்திருந்தான். அவன் மனைவி லவினாவையும், அவன் இன்னும் முகம் பார்க்காத குழந்தை டெல்ஃபியையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.

அன்று விடியற்காலையில் அண்ணிக்குக் காலரா கண்டது. எங்கள் தலைவர் கேப்டன் பெக் ஒரு முறை எட்டிப் பார்த்தார்.

"சாயங்காலம் தாண்டாது, சைலஸ். நாங்க கிளம்பறோம். நீ இருந்து முடிச்சுட்டு வா."

"ஒரே ஒரு நாள் நில்லுங்களேன், கேப்டன்."

"நின்னா நாளைக்கு இன்னும் பத்துக் குழி வெட்டணும். பனி விழறதுக்குள்ள மலையைத் தாண்டியாகணும். மண்வெட்டி வேணுமா, வேணாமா?"

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அண்ணியைப் புல்லில் படுக்கவைத்து, மேலே ஒரு கித்தானைக் கட்டினோம். குழந்தையைப் பக்கத்து வண்டி ஹல்டா அக்கா தூக்கிக்கொண்டாள். அண்ணி கையை நீட்டினாள். தொற்றிவிடும் என்று யாரும் கொடுக்கவில்லை. காலை 6.30க்கு எல்லா வண்டிகளும் போய்விட்டன. எங்கள் வண்டியும்தான். நானும் அண்ணியும் ஒரு குதிரையும் மிஞ்சினோம்.

அவள் கண்ணில் படக்கூடாதென்று பின்பக்கமாகப் போய்க் குழி வெட்டினேன். ஆனால் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். சரக்... சரக்...

பத்து மணி இருக்கும். கூப்பிட்டாள்.

"தம்பி, டெல்ஃபி அழறா."

"அவங்க ரொம்ப தூரம் போயாச்சு அண்ணி."

"அழறாப்பா. உனக்குக் கேக்கலையா? என்னை எழுப்பி விடு. நான் போறேன்."

11.40க்கு மூச்சு நின்றது. கண்ணாடியை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். வெகு நேரம் வைத்திருந்தேன். கண்ணாடியில் ஆவி படியவே இல்லை.

போர்வையில் சுற்றினேன். வெறுங்காலோடு இறக்கினேன். மண்ணை மூடி, ஓநாய் தோண்டாதபடி ஆற்றங்கரைக் கற்களைச் சுமந்து வந்து அடுக்கி, அண்ணன் பெயரும் ஊரும் கீறிய பலகை ஒன்றை நட்டேன். முடித்தபோது 2.10. குதிரை ஏறினேன்.

3.25க்குக் குதிரை நடுங்கி நின்றது. காதுகள் விறைத்துக்கொண்டன.

கீழே பார்த்தேன். வண்டிச் சக்கரத் தடங்களின் மேல் காலடிகள். வெறுங்கால். சின்னக் கால். பெண் கால். வண்டிகள் போன பிறகு யாரோ அதே பக்கம் நடந்திருக்கிறார்கள்.

யாரோ செவ்விந்தியப் பெண் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு மைல். மூன்று மைல். ஏழு மைல். அடிகள் எங்கும் நிற்கவில்லை. உட்கார்ந்த தடம் இல்லை. தண்ணீர் குடிக்க ஆற்றுப் பக்கம் திரும்பவும் இல்லை.

5.50. குனிந்து பார்த்தேன். கடைசியாக இருந்த காலடியில், விரல் பதிந்த இடத்தில்...

மண் சரிந்துகொண்டிருந்தது.

இப்போதுதான் வைத்த அடி.

நிமிர்ந்தேன். நாலு பக்கமும் வெட்டவெளி. மரம் இல்லை. மேடு இல்லை.

யாருமே இல்லை.

7.05க்கு முகாமை எட்டினேன். வெயில் இன்னும் இருந்தது. ஹல்டா அக்கா சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பிழைச்சுட்டாளேடா! அந்த உடம்போட அவளை முன்னால நடக்க விட்டுட்டு, நீ குதிரையில ஆடி அசைஞ்சு வர்றே?"

"யாரை?"

"யாரையா? லவினாவைத்தான். வந்தா. வாயைத் திறக்கலை. கையை நீட்டினா. காலையிலதான் குடுக்காம வந்தோம், மனசு கேக்கலை... குடுத்துட்டேன்."

"எப்போ?"

"கால் மணிகூட ஆகலை. ஆத்துப் பக்கம் போனா."

ஓடினேன்.

மணலில் காலடிகள் இருந்தன. தண்ணீர் வரை போகவில்லை. நட்ட நடு மணலில்...

நின்றுவிட்டன.

கத்தினேன். டெல்ஃபி! டெல்ஃபி! ஆண்கள் எல்லோரும் வந்து, இருட்டும் வரை அடி அடியாகத் தேடினார்கள். ஒரு துணிகூடக் கிடைக்கவில்லை. மறுநாள் காலை 5 மணிக்குக் கேப்டன் கொம்பு ஊதச் சொன்னார்.

"தேடாத இடம் இல்லை, சைலஸ். மாட்டைப் பூட்டு."

பூட்டினேன்.

அக்டோபரில் அண்ணன் வீட்டு வாசலில் தனியாகப் போய் நின்றேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம் வந்தது. ஆறு கரையை அரித்து அண்ணியின் குழியை நெருங்கிவிட்டதாம். அந்த வழியாக வந்த ஒரு பாதிரியார் அவளை மேட்டுக்கு மாற்றியிருக்கிறார். நான் நட்டிருந்த பலகையில் அண்ணன் பெயரும் ஊரும் இருந்ததால் எழுதியிருந்தார். அந்தக் குழி, நாங்கள் டெல்ஃபியைத் தேடிய இடத்துக்குப் பதினாறு மைல் பின்னால்.

'கற்கள் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. ஒரு மிருகமும் தொடவில்லை. தாயையும், அவள் கைகளுக்குள் இருந்த குழந்தையையும் பிரிக்க மனமில்லாமல் அப்படியே மாற்றிப் புதைத்தோம்.'

அண்ணன் அதை இரண்டு முறை படித்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"சைலஸ்... நீ புதைச்சது ஒருத்தியைத்தானே?"