மாற்றிக் கட்டிய கம்பிகள்

பழைய பொருள் எதைப் பார்த்தாலும் எனக்குக் கை சும்மா இருக்காது. பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் வேலை. நாள் முழுக்க மோட்டார்களுக்குப் பச்சை அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் டேபிள் ஃபேன், தையல் மிஷின், சைக்கிள் என்று எதையாவது உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பேன். "ஏனுங்க, மனுசங்க நடக்கறதுக்கும் ஊட்டுல கொஞ்சம் எடம் உடுங்க" என்பாள் மனைவி. நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் கம்பெனிக்கு போன் வந்தது. பல்லடம் பக்கத்திலிருந்து என் நண்பன். "மாப்ளே, என்ர கிடார் சும்மாதான் கெடக்குது. பெயிண்டெல்லாம் உரிஞ்சு போச்சு. உனக்குத்தான் இதெல்லாம் ஆசையாச்சே. வந்து பாரு, புடிச்சா எடுத்துக்க."

பீளமேட்டில் இருந்தவரை அவன் பகலில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டுபவன். கல்யாணம், கோயில் நோம்பி என்றால் பாட்டுக் கச்சேரிக் குழுவில் எலக்ட்ரிக் கிடார் வாசிக்கப் போய்விடுவான். ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நானும் போவேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. கச்சேரி நடுவில் கம்பி அறுந்தால் வேறு கம்பி மாட்டித் தர மட்டும் பழக்கியிருந்தான். மேடையில் அவன் நிற்பதைப் பார்த்தால், பிரஸ் ஓட்டுகிறவன் என்று யாரும் நம்பமாட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

முந்தின வருடம் அந்த பிரஸ் அவனுடைய இடது கையில் இறங்கிவிட்டது. கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். கிடாரில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கை இடது கை. அதன் பிறகு அவன் பீளமேட்டை விட்டு, மனைவியின் ஊரில் மாமனாரின் கோழிப் பண்ணையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சிங்காநல்லூர் போய்ப் பல்லடம் பஸ் ஏறினேன். வாங்குவதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசனை. மரம் நன்றாக இருந்தால் வாங்கலாம், கம்பிகள் ஓடும் கழுத்து வளைந்திருந்தால் வேண்டாம் என்று ஒரு வியாபாரி மாதிரி கணக்குப் போட்டுக்கொண்டேன். அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற கவலையை அப்படித்தான் மறைத்துக்கொள்ள முடிந்தது.

"வாங்கண்ணா, எளச்சுப் போயிட்டீங்க" என்று அவன் மனைவி காப்பி கொடுத்தாள். அவன் தீவன அறையிலிருந்து கிடாரைத் தூக்கிவந்து கட்டிலில் வைத்தான். இடது கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தான்.

சிவப்புப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. தீவனத் தூசி எல்லா இடுக்கிலும் ஏறியிருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைப் பார்த்தேன். வளைவில்லை. நல்ல மரம். மனசுக்குள் அப்போதே பச்சை அடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்புறம்தான் கம்பிகளைக் கவனித்தேன். எல்லாம் தலைகீழ். தடித்த கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மெல்லியது, மெல்லியதன் இடத்தில் தடித்தது. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காருகிற குட்டிக் காடிகளை யாரோ ரம்பத் தகட்டால் அறுத்து அகலமாக்கியிருந்தார்கள். தகடு வழுக்கிப் பக்கத்தில் எல்லாம் கீறல். நல்ல பொருளை யாராவது கெடுத்துவைத்தால் எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடும்.

"எவன்டா இதுல கை வெச்சது?" என்று கத்திவிட்டேன்.

அவன் மனைவி காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"நாந்தான்" என்றான் அவன்.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும், எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அவன் பைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்தான். "கை மாத்தி வாசிக்கலாம்னு, இந்தக் கட்டவெரல்ல ரப்பர் பேண்டு போட்டு, கம்பியத் தட்டற பிக்கைக் கட்டிப் பாத்தேன் மாப்ளே. தட்டறது நல்லாவே தட்டிருச்சு. இது இருக்குதே" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினான், "இதுதான் சொன்ன பேச்சுக் கேக்கல. இத்தன வருசம் தட்டியே பழகிருச்சு. கம்பியப் புடின்னா அதுக்கு வெளங்கல." சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

வாங்கும் ஆசை எனக்குச் சுத்தமாகப் போய்விட்டது. நான் எடுத்துக்கொண்டு போனால் அவன் இனி வாசிக்கமாட்டான் என்று நானே முடிவு கட்டியதாகிவிடும். "இருக்கட்டும்டா. இன்னும் கொஞ்ச நாள் பழகிப் பாரு. நானும் யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"நீ யோசிக்காத. நான் யோசிச்சுப்போட்டேன். ஊட்டுல இருந்தா எடுத்து மடில வெக்கச் சொல்லுது. வெச்சா அன்னைக்குச் சோறு எறங்கறதில்ல." கிடாரை அவனே ஒரு சாக்கில் சுற்றிக் கட்டினான். முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினான். "என்ன கலர் வேணா அடிச்சுக்க. செவப்பு மட்டும் வேண்டாம்."

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சூலூர் தாண்டும்வரை அழுதேன். பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

வேறு எந்தப் பொருளையும் அவ்வளவு மெதுவாகத் தேய்த்ததில்லை. வாசிக்கும்போது அவன் முழங்கை உரசிய இடத்தில் பெயிண்ட் எப்போதோ போய் மரம் வழவழவென்று தெரிந்தது. அங்கே எனக்கு வேலையே இல்லை. மற்ற இடத்தையெல்லாம் தேய்த்து அதைப் போல ஆக்கினேன். பிறகு கம்பெனிப் பச்சையையே கொஞ்சம் இருட்டாகக் கலந்து அடித்தேன். மனைவி தொட்டுப் பார்த்துவிட்டு, முதல் முறையாக, "இது இருக்கட்டுமுங்க" என்றாள்.

கம்பி மாட்டும்போதுதான் தடுமாறினேன். ஒழுங்காக மாட்ட வேண்டுமானால் அந்தக் காடித் துண்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். ஒற்றைக் கையால் அவன் அறுத்த துண்டு அது. எறிய மனம் வரவில்லை. தலைகீழாகவே மாட்டிச் சுவரில் தொங்கவிட்டேன். விஷயம் தெரிந்த ஒருவர் வந்து, "மாத்திக் கட்டிப்போட்டீங்களே" என்றார். ஆமாம் என்றேன்.

என் மகளுக்குக் காது குத்திய அன்று அவன் வந்தான். நேராகச் சுவரிடம் போனான். பச்சையைத் தடவினான். முழங்கை உரசிய இடத்தைத் தேடினான் போல, கிடைக்கவில்லை. பிறகு கம்பிகளைப் பார்த்தான். ஏன் மாற்றவில்லை என்று கேட்பான் என்று பயந்தேன். கேட்கவில்லை. வலது கை விரலால் ஒரு கம்பியைச் சுண்டினான்.

"சுதி எறங்கிக் கெடக்குது. அந்தக் கம்பிச் சாவியத் திருப்பு."

நான் திருப்பினேன். அவன் சுண்டினான், தலை சாய்த்துக் கேட்டான். "இன்னுங் கொஞ்சம். ம், பத்தாது. போதும், போதும்." ஒவ்வொரு கம்பியாக அப்படியே செய்தோம். ஆறாவது கம்பியும் முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினான். வீட்டில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சேந்துருச்சு" என்றான். இடது கை தானாகக் கிடாரின் கழுத்துப் பக்கம் போனது. பாதி வழியில் நின்றது.

"எலை போட்டாச்சுங்க, வாங்க" என்று உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டாள். அவன் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சாப்பிடப் போனான்.