பரண்மேல் துப்பாக்கி

பன்னிரண்டு வயது முடிவதற்குள் நான் முந்நூறு பேருக்குக் குறையாமல் சுட்டுக் கொன்றிருந்தேன். எல்லாக் கொலைகளும் எங்கள் சாமைக் கொல்லைக்கு மேலே இருக்கும் வழுக்குப் பாறையில் உட்கார்ந்தபடி, காலை பதினோரு மணிக்கு மேல் நடந்தவை. பதினோரு மணிவரை அதே பாறையில் எனக்குக் கணக்குப் பாடம்.

கொரோனா வந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டிய வருடம் அது. ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்குச் செல்போன் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அந்தப் பாறைதான். நான் படிப்பதற்கென்று அப்பா போன் வாங்கித் தந்தார். வாங்கி வந்த அன்றே அதில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஏற்றித் தந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. செங்கத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். கடை மூடிக் கிடந்ததால் அவருக்கும் பொழுது போகவில்லை. அவர் செங்கத்திலிருந்தும் நான் பாறையிலிருந்தும், போனிலேயே பேசிக்கொண்டு ஒரே அணியில் ஆடுவோம். விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும். கிடைத்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் சுட வேண்டும். கடைசிவரை உயிரோடிருப்பவர் ஜெயித்தவர்.

அந்தத் தீவின் ஊர்ப் பெயர்கள் எங்கள் இருவர் வாயிலும் நுழையவில்லை. அதனால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். மரம் அடர்ந்த பக்கம் அமிர்தி. கோயில் மாதிரி ஒரு கட்டடமும் சுற்றிலும் வயலும் இருந்த இடம் படவேடு. கடைகள் நிறைந்த இடம் செங்கம். நாங்கள் வழக்கமாகக் குதிக்கும் சிவப்பு ஓட்டு வீட்டுக்கு ‘நம்ம வூடு’ என்று பெயர். அந்த வீட்டுக்கு ஒரு மாடி உண்டு. எங்கள் ஊரில் மாடி ஏது? வீட்டுக்குள் உயரத்தில் இருப்பது சாமை மூட்டையும் புளியும் அடுக்கிவைக்கும் பரண் ஒன்றுதான். ஆகவே அந்த மாடியும் எங்களுக்குப் பரண் ஆயிற்று.

பெண்பிள்ளை இதை ஆடலாமா கூடாதா என்று வீட்டில் ஒரு வழக்கே நடந்தது. பக்கத்து வீட்டில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, ஆடக் கூடாது என்ற கட்சி. “ஆள சுட்றதெல்லாம் ஒரு வெளாட்டாடி? இன்னிக்கு போன்ல சுடுவ, நாளைக்கு நெஜமாவே வெட்டு குத்துன்னு போவ” என்றாள். மாமா போனிலேயே அம்மாவிடம் வாதாடினார். “புள்ள உஷாரா ஆவுதுக்கா, கண்ணும் காதும் கூர்மையாவுது.” அம்மா இரண்டு பேருக்கும் தலையாட்டினாள்.

அப்பா மட்டும் வாதம் செய்யவில்லை. திரையில் துப்பாக்கியைப் பார்த்ததும் அவர் முகம் இறுகிப்போயிற்று. “பொம்மத் துப்பாக்கியா இருந்தாலும் சரி, அந்தப் பேச்சே இந்த வூட்ல வேணாம். இன்னொரு தபா பாத்தேன், போன ஒடைச்சுப் போட்ருவேன்” என்றார். எறும்பைக்கூட மிதிக்காமல் தாண்டிப் போகிற மனிதருக்கு ஒரு விளையாட்டின் மேல் ஏன் இத்தனை கோபம் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததற்கெல்லாம் கீழ்ப்படியும் வழக்கம் எனக்கு அப்போதும் இல்லை. பாறைக்கு அப்பா வரமாட்டார் என்ற தைரியத்தில் ஆட்டம் தொடர்ந்தது.

பாறையில் காற்று அதிகம். தொண்டை கிழியக் கத்தினால்தான் மாமாவுக்குக் கேட்கும். ஒருநாள் அப்படித்தான் கத்தினேன்.

“மாமா, அமிர்திகிட்ட ரெண்டு பேர சுட்டுட்டேன்! படவேட்டாண்ட ஒருத்தன் செத்துக் கெடக்கறான்! பெரிய துப்பாக்கி நம்ம வூட்டுப் பரண் மேலயே கீது, வந்து எடுத்துக்கோ!”

மரம் வெட்டுகிறவர்களைத் தேடி வந்த காட்டிலாகா வாட்சர் ஒருவர் அந்நேரம் பாறைக்குக் கீழே புதர் மறைவில் நின்றிருந்தார். நான் இறங்கி எந்த வீட்டுக்குள் போகிறேன் என்று பார்த்துக்கொண்டார். கேட்டதைக் கேட்டபடியே கொண்டுபோய் ஃபாரஸ்டரிடம் ஒப்பித்தும் விட்டார்.

மறுநாள் காலை இரண்டு பைக்குகளில் நாலு பேர் வந்து இறங்கினார்கள். ஃபாரஸ்டர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு அப்பாவிடம் கேட்டார். “இன்னாப்பா, உன் வூட்டுப் பரண் மேல துப்பாக்கி கீதாமே?”

அப்பா நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அம்மா தண்ணீர் எடுக்க ஓடினாள். அதற்குள் ஊரே கூடிவிட்டது. வாட்சர் அமிர்தியில் இரண்டு, படவேட்டில் ஒன்று என்று செத்தவர்களைப் பட்டியல் போட, கூட வந்த வனக் காவலர் இருவரும் ஏணி எங்கே என்று தேட ஆரம்பித்தார்கள்.

வாயைத் திறந்தால் திருட்டாட்டம் வெளியே வந்து போன் உடையும். திறக்காவிட்டால் செய்யாத குற்றத்துக்கு அப்பாவை ஜெயிலுக்குக் கூட்டிப் போவார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் நான் போனைப் பற்றித்தான் யோசித்தேன். பிறகு அம்மா நீட்டிய சொம்பை வாங்கிய அப்பா, தண்ணீரை வாயில் விடாமல் சட்டையில் விட்டுக்கொள்வதைப் பார்த்தேன்.

“சார், அது என் துப்பாக்கி!”

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. அப்பா தலையைத் தூக்கி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “நீ எங்கடி பாத்த?” என்றார்.

“போன்லப்பா” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். அப்புறம்தான் சொம்பில் மீதி இருந்த தண்ணீரைக் குடித்தார்.

ஃபாரஸ்டர் லேசில் நம்பவில்லை. “போன்ல கீற துப்பாக்கி பரண் மேல எப்படிம்மா போவும்?”

“பரணும் போன்லதான் சார். அமிர்தியும் போன்லதான்.”

“காட்டு, பாக்கலாம். இல்லன்னா வந்து ஏணியப் போடுவோம்.”

ஊரே பாறைக்கு ஏறியது. ஆட்டத்தைத் திறந்து மாமாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன். கூட்டம் சுற்றி நிற்பது தெரியாத மாமா உற்சாகமாகக் கேட்டார். “இன்னாடி, நேத்து அமிர்தில ரெண்டு பேர போட்டியே, இன்னிக்கும் அங்கயே போலாமா?”

ஃபாரஸ்டர் மெல்லத் திரும்பி வாட்சரைப் பார்த்தார். வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் விமானம் கிளம்பியிருந்தது. பாதியில் நிறுத்த எனக்கு மனமில்லை. பார்க்க ஏறி வந்தவர்களுக்கும் இல்லை.

நம்ம வூட்டில் குதித்தேன். பரணுக்கு ஏறினேன். “தோ கீதே துப்பாக்கி!” என்று கூட்டம் கூவியது. மாமா சீக்கிரமே செத்துப்போனார். “நீ பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு அமைதியானார். நான் அதுவரை ஒருமுறைகூடக் கடைசி ஆளாக நின்றதில்லை. அன்று என்னவோ குறி தப்பவில்லை. இருபது பேர் பத்தானார்கள், பத்து பேர் மூன்றானார்கள். கடைசியில் நானும் முகம் தெரியாத ஒருவனும் மட்டும் மிஞ்சினோம். புல்லுக்குள் படுத்தேன். ஃபாரஸ்டர் என் தோளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, “அசையாத, அசையாத” என்று கிசுகிசுத்தார்.

“வலப்பக்கம்டீ! புதருக்குப் பின்னால! சுடுடி, சுட்டுத் தொலைடி அவன!”

கத்தியது அத்தை. திரும்பினேன், சுட்டேன். திரை முழுக்கத் தங்க எழுத்து பூத்தது. ஊர் போட்ட கூச்சல் நிஜ அமிர்திவரை கேட்டிருக்கும். யாரோ விசிலடித்தார்கள், யாரோ என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். அத்தைக்கு அன்றிலிருந்து இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. இன்று என்னைக் கேட்டால் பன்னிரண்டு வயதுக்கு அந்த ஆட்டம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தன் பேரனுக்குக் கொடுக்கலாம் என்று சண்டைக்கு நிற்பவள் அத்தைதான்.

ஃபாரஸ்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வாட்சரிடம், “போய் அந்த மூணு பொணத்தயும் எடுத்துக்கினு வா” என்றார். அப்பாவிடம், “ஏணி வேணாம்பா. பொண்ணு கெட்டிக்காரி. ஆனா இந்த வயசுல இந்த ஆட்டம் நல்லதில்ல, நிறுத்திடு” என்றார்.

அப்பா கைகூப்பினார். “ஆடட்டும் சார். தெனம் அரமணி நேரம் ஆடிட்டுப் போவட்டும்.”

என் வெற்றிதான் அவர் மனதைக் கரைத்துவிட்டது என்று நினைத்தேன். தோளிலிருந்து இறங்காமலேயே வீடுவரை வந்தேன்.

அந்த வாரமே ஒரு காலையில் அப்பா பழைய சாக்கில் நீளமாக எதையோ சுற்றி வண்டியில் கட்டிக்கொண்டு கீழே போனார். கேட்டதற்கு, ஏர்க் கலப்பை இரும்பு, பட்டறைக்கு என்றார். மத்தியானம் திரும்பியவர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம்வரை அசந்து தூங்கினார். அப்பா பகலில் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

அடுத்த நாள் புளி எடுக்கப் பரண் ஏறினேன். மூட்டைகளுக்குப் பின்னால் விரல் கனத்துக்குத் தூசி. அதன் நடுவே, கிட்டத்தட்ட என் உயரத்துக்கு, நீளமாக ஒரு சுத்தமான தடம்.

“அப்பா, இங்க ஒரு பாம்பு படுத்திருந்திருக்கு!”

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பா அண்ணாந்து பார்த்தார். “ஆமா, உங்க தாத்தா காலத்துலேந்து படுத்துக் கெடந்துச்சு. போய்டுச்சு. இனிமே வராது” என்றார்.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். அது தாத்தா வேட்டைக்கு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி. லைசென்ஸ் கிடையாது. வைத்துக்கொள்ளவும் பயம், வெளியே சொல்லவும் பயம் என்று அப்பா அதற்குக் கீழேயே அத்தனை வருடம் படுத்திருக்கிறார். தானாகக் கொண்டுவந்து கொடுத்தால் கேஸ் இல்லை என்று போலீஸ் சொல்லியிருந்தும் அவருக்குத் துணிச்சல் வரவில்லை. பாறைக் கூச்சலுக்குப் பிறகு வந்தது.

அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. பள்ளிக்கூடம் திறந்ததும், ஒற்றை ஆளாக நின்று என் போனைக் காப்பாற்றிய கதையை வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பரணுக்கு ஏறும்போது மட்டும் கையில் ஒரு கம்பு வைத்துக்கொண்டேன், அந்தப் பாம்பு திரும்பி வந்திருந்தால் அடிப்பதற்கு.