நிலைப்படிக்கு வெளியே இரண்டு பாதங்கள்

எங்கள் வீட்டு முன்வாசலில், நிலைப்படிக்கு வெளியே, சிமெண்டுத் தரையில் இரண்டு பாதங்களின் கறை இருக்கிறது. பழுப்பு நிறம். குதிகால் வீதிப் பக்கம், விரல்கள் வீட்டுப் பக்கம். புதிதாக வருகிறவர்கள் ஏதோ பெயிண்ட் சிந்திவிட்டது என்று நினைப்பார்கள். அது பெர்மாங்கனேட் என்ற கிருமிநாசினியின் கறை. தண்ணீரில் கரைக்கும்போது கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும், காய்ந்தால் பழுப்பாகும், ஒரே இடத்தில் நாள்தோறும் பட்டால் சிமெண்டுக்குள் இறங்கிவிடும். கோழித் தீவனம் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்வதால், எதைப் போட்டுத் தேய்த்தால் அது போகும் என்றும் எனக்குத் தெரியும். தேய்த்ததில்லை. அண்ணியும் தேய்க்கச் சொன்னதில்லை. அந்தப் பாதங்கள் என் அண்ணனுடையவை.

நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைக்காரர்கள் எல்லோரையும்போல அண்ணனும் கிருமிக்குப் பயந்தவர். எங்கள் வீடு ஊருக்குள், பண்ணை தோட்டத்தில். அங்கே ஒவ்வொரு ஷெட் வாசலிலும் பெர்மாங்கனேட் கரைத்த தட்டு இருக்கும். காலை முக்காமல் யாரும் உள்ளே போகக்கூடாது. தீவன லாரியின் டயருக்குக்கூட மருந்து அடித்துத்தான் விடுவார். எல்லாவற்றையும்விடக் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. குஞ்சு ஷெட்டுக்குப் போகிறவர் பெரிய கோழி ஷெட்டுக்குப் போகக்கூடாது, பெரிய கோழி பார்க்கிறவர் குஞ்சுப் பக்கமே தலைகாட்டக்கூடாது. பெரிய கோழிக்கு ஒன்றும் செய்யாத கிருமி குஞ்சைத் தூக்கிவிடும். ஒருமுறை, வேறு பண்ணைக்குப் போய்விட்டு வந்த ஓர் ஆள் தட்டைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனான். அந்த வாரமே ஒரு ஷெட் குஞ்சு முழுக்கக் குழிக்குள் போனது. அண்ணன் அன்று குழியோரம் நின்ற விதம் எனக்கு நினைவிருக்கிறது. அழவில்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனின் மகள் பாப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது அவளுக்கு ஐந்து வயது. எனக்கு எதையும் வரிசைப்படுத்தித்தான் நினைக்க வரும். முதலில் கால் வலி என்றாள், ஓடியாடுகிற பிள்ளை என்று எண்ணெய் தேய்த்துவிட்டோம். பிறகு முழங்காலுக்குக் கீழே நீலம் பாய்ந்த திட்டுகள், எங்கே இடித்துக்கொண்டாளோ என்றோம். பிறகு விட்டுவிட்டு வந்த காய்ச்சல். கடைசியாக அவள் உதடு வெளுத்திருப்பதை அண்ணிதான் கவனித்தார். சேலத்து மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கியது நான். மருத்துவர் சொல்வதற்கு முன்பே அந்தத் தாளை எனக்குப் படிக்கத் தெரிந்திருந்தது. படிக்கத் தெரிந்ததில் ஒரு பயனும் இல்லை. ரத்தப் புற்றுநோய் என்று அவர் சொன்னதும் அண்ணி கேட்டது ஒன்றுதான்: "அவளுக்கு வலிக்குங்களா?"

சிகிச்சையால் பாப்பாவின் எதிர்ப்புச் சக்தி அடியோடு இறங்கிவிடும், கூட்டம் கூடாது, பண்ணைத் தூசு ஆகாது, பண்ணைக்குப் போகிறவர்கள் குளித்து, துணி மாற்றி, கை கழுவிவிட்டுத்தான் அவளிடம் வர வேண்டும் என்று அந்தப் பெண் மருத்துவர் சொன்னார். அன்று அண்ணனால் வர முடியவில்லை. புதுக் குஞ்சுகள் வந்திறங்கிய நாள், பண்ணையை விட்டு நகர முடியாது. வீட்டுக்கு வந்து நான் சொன்னதையெல்லாம் அவர் தலையாட்டிக் கேட்டார். மறுநாள் காலையில் தன் போர்வையையும் இரண்டு வேட்டியையும் எடுத்துக்கொண்டு தோட்டத்து மோட்டார் ரூமுக்குக் குடிபோய்விட்டார். போன கையோடு பண்ணைத் தட்டுகளில் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துப் பெர்மாங்கனேட் கரைத்தார். "அவ குஞ்சு ஷெட்டு பாக்கட்டும், நான் பெரிய ஷெட்டு பாக்கறேன்" என்று அண்ணியைக் காட்டி என்னிடம் சொன்னார். அதை விளையாட்டுப் பேச்சு என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன்.

தினமும் சாயங்காலம் வருவார். மோட்டார்த் தண்ணீரில் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, தலை ஈரத்தோடு வருவார். செருப்பை வீதியிலேயே விட்டுவிடுவார். தட்டில் இரண்டு காலையும் முக்கி எடுத்து, நிலைப்படிக்கு வெளியே நின்றுகொள்வார். பாப்பாவின் கட்டில் முன்னறையில், நேர் எதிரே. அவர் கையை நீட்டினாலும் எட்டாது, அவள் கையை நீட்டினாலும் எட்டாது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, குளித்துவிட்டு வந்தால் போதும் என்றுதான் சொன்னார் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"டாக்டர் கோழி வளத்திருக்காங்களா அம்மிணி?"

"இது கோழி இல்லண்ணா, பிள்ளை."

"அதுக்குத்தான் சொல்றேன். கோழிக்கே இத்தன பாக்கறோம்."

அதற்கு மேல் பேச முடியாது. அண்ணியும் பேசிப் பார்த்தார். "ஏனுங்க, அவ உங்க மடிய கேக்கறா." அண்ணன் காது கேட்காதவர்போல வீதியோர வேப்பமரத்தைப் பார்ப்பார்.

ஆனால் அந்த நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டே அவர் வேறு ஆளாகிப்போனார். கோழிக்குப் பெயர் வைக்கக்கூடாது என்பது அவருடைய பழைய கொள்கை. பெயர் வைத்தால் கிழக்கோழி ஏற்றுகிற லாரி வரும்போது மனசு கேட்காது என்பார். பண்ணைக்கு வந்தால் ஏதாவது ஒரு கோழியைக் காட்டிப் பெயர் கேட்கும் பாப்பாவை அதட்டியிருக்கிறார். அந்த மனிதர் சாயங்காலந்தோறும் ஒரு முட்டையோடு வந்து நின்றார். முட்டையை அண்ணி வாங்கிப்போய்க் கல்லாக வேகவைப்பார். அதற்குள் விசாரணை நடக்கும்.

"இன்னிக்கு எந்தக் கோழி போட்டுச்சுங்கப்பா?"

"இன்னிக்குங்களா சாமி? ராசாத்தி போட்டுச்சு."

"நேத்தும் ராசாத்தின்னு சொன்னீங்க. பொய்யி."

"நேத்துப் போட்டது பெரிய ராசாத்தி. இது அதோட தங்கச்சி, சின்ன ராசாத்தி. இதுக்கு வாய் சாஸ்தி, உங்க அத்தையாட்டம்."

பாப்பா என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அதற்குள் முடியெல்லாம் கொட்டியிருந்தது. சிரிக்கும்போது காதுகள் இரண்டும் நகரும். முன்பு முடி மறைத்திருந்ததால் எங்களுக்கே தெரியாத விஷயம் அது. சில நாள் அவளே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பரிசோதகராகிவிடுவாள். "கால முக்குனீங்களா? காட்டுங்க." அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பாதமாகத் தூக்கிக் காட்டுவார். உள்ளங்கால் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். "செரி, நிக்கலாம்" என்று உத்தரவு வரும். உள்ளே வரலாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அப்பாக்கள் நிற்கிற இடம் அதுதான் என்று அவளுக்குப் பழகிவிட்டது.

சேலத்துக்குப் போகும்போதெல்லாம் வாடகைக் காரில் அண்ணியும் நானும் பாப்பாவும்தான். முதுகில் ஊசி போடுகிற நாட்களில் அண்ணி அவள் தலையைப் பிடித்துக்கொள்வார், நான் கால்களைப் பிடித்துக்கொள்வேன். "அப்பா வரலையா?" என்று மருத்துவர் கேட்பார். "பண்ணையில வேலைங்க" என்பார் அண்ணி. மருத்துவர் அதற்கு மேல் கேட்கமாட்டார். பிள்ளை மேல் அக்கறை இல்லாத ஆள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். முதல் கட்டம் முடிந்து, ரத்தத்தில் கெட்ட செல்கள் கண்ணில் படவில்லை என்று சொன்ன அன்று மட்டும் நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே அண்ணனுக்கு போன் செய்தேன். அவர் ஷெட்டை விட்டு வெளியே நடப்பது, கோழிகளின் சத்தம் குறைவதில் தெரிந்தது. பிறகு, "எல்லாம் முடியட்டும் அம்மிணி, அப்புறம் தோள்ல ஒக்கார வெச்சுத் தேரு பாக்கக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அடுத்த கட்ட மருந்தில் எதிர்ப்புச் சக்தி மறுபடி இறங்கியது. ஒரு நடுப்பகலில் பாப்பாவுக்குக் குளிரெடுத்தது. நெற்றி கொதித்தது. மருத்துவமனையில் சேர்ப்பதற்குள் அவள் பேச்சு குழறத் தொடங்கிவிட்டது. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது, மருந்துக்குக் கட்டுப்படவில்லை, அப்பாவை வரச்சொல்லுங்கள் என்றார் மருத்துவர். எதற்காக வரச்சொல்கிறார் என்று அண்ணிக்கும் எனக்கும் புரிந்தது.

அண்ணன் வந்தார். தலை ஈரமாக இருந்தது. அந்த அவசரத்திலும் குளித்துவிட்டு வந்திருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே வந்ததும் நின்றுவிட்டார். கண்கள் தரையில் தட்டைத் தேடின. மருத்துவர் வெளியே வந்தபோது அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "எங்கிட்ட இருந்து வந்துச்சுங்களா?"

"என்னது?"

"கிருமிங்க. பண்ணையில இருந்து. எங்கால்ல."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் வாசல் தட்டைப் பற்றி, மோட்டார் ரூமைப் பற்றி, நிலைப்படியைப் பற்றி முடிந்தவரை சுருக்கமாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "இல்லைங்க. இது அவ குடலுக்குள்ளயே எப்பவும் இருக்கிற கிருமி. உடம்புல சக்தி இல்லாதப்ப ரத்தத்துக்கு வந்துருச்சு. யார்கிட்ட இருந்தும் வரல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"அப்ப நான் தூக்கியிருக்கலாங்களா?"

"இப்ப தூக்கலாம். வாங்க" என்று மருத்துவரே கதவைத் திறந்து பிடித்தார்.

குழாய்களை நர்ஸ் ஒதுக்கிக் கொடுக்க, அண்ணன் அவளை மடியில் வாங்கினார். குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் கையாண்ட கைகள், எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறின. பாப்பா கண்ணைத் திறந்தாள். அவ்வளவு பக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்தது அவளைப் பயமுறுத்தியதோ என்னவோ, ஆக்ஸிஜன் முகக்கவசத்துக்குள் உதடு அசைந்தது. அண்ணன் குனிந்தார்.

"கால முக்கிட்டு வந்தீங்களாப்பா?"

"முக்கிட்டேன் சாமி."

கோழிப் பெயர்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அவர் அவளிடம் சொன்ன ஒரே பொய் அது. அவள் நம்பினாள். தலையை அவர் மார்பில் சாய்த்துக்கொண்டாள். மறுநாள் விடிந்த பிறகு போய்விட்டாள். அதுவரை அண்ணன் அவளைக் கீழே வைக்கவில்லை.

இப்போதும் பண்ணை நடக்கிறது. முட்டை லாரி வருகிறது, டயருக்கு மருந்து அடிக்கிறார்கள். அண்ணன் மோட்டார் ரூமிலிருந்து போர்வையைக் கொண்டுவந்துவிட்டார். வாசல் தட்டை அவரே எடுத்துப்போய்ப் பண்ணையில் வைத்துவிட்டார். அண்ணி காலையில் கோலம் போடும்போது அந்தக் கறை இருக்கும் பக்கம் வருவதில்லை. கோலம் வாசலின் நடுவில் இல்லாமல் ஒருபக்கமாகத் தள்ளி இருக்கும், யாரோ நிற்பதற்கு இடம் விட்டதுபோல. கறை எப்போது முழுதாக மறையும் என்று என்னால் தோராயமாகச் சொல்ல முடியும். சொல்லச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

நேற்றுச் சாயங்காலம் நான் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் குளித்துவிட்டு, தலை ஈரத்தோடு வந்தார். செருப்பை வீதியில் விட்டார். வந்து அந்தக் கறையின் மேல் நின்றார். பாதம் பாதத்தோடு சரியாகப் பொருந்தியது. கட்டில் இருந்த இடத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார். உள்ளேயிருந்து அண்ணி, "உள்ள வாங்க" என்றார்.

"வாரேன்" என்றார் அண்ணன். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார். உள்ளங்காலை அறையின் பக்கம் திருப்பிக் காட்டினார். பிறகு மற்றதை. கொஞ்ச நேரம் பொறுத்து உள்ளே வந்தார்.