ஆழத்திற்கு மீண்ட கலவாய்க் குஞ்சு

இலங்கையில் ஆங்கிலேயர் ஆட்சியின் இறுதி ஆண்டுகளில், போர் மூண்டு அரிசிக்குக் கூப்பன் வந்துவிட்ட காலத்தில், கற்பிட்டிப் பகுதிப் பள்ளியொன்றில் ஆசிரியனாக இருந்தேன். கண்டக்குழி என்னும் ஊரில் ஒரு மீனவர் வீட்டின் பக்க அறை எனக்கு உறைவிடம். வீட்டுக்காரருக்கு ஏறத்தாழ என் வயதுதான். அவர் மனைவி அப்போது நிறைமாதத்தை நெருங்கியிருந்தார். அதற்குமுன் பிறந்த இரண்டு பிள்ளைகளும் உயிரின்றியே பிறந்திருந்தன. ஆகவே வீட்டுக்காரர் மாதா கோவிலில் ஒரு நேர்த்தி வைத்திருந்தார். இந்தப் பிள்ளை உயிரோடு கைக்கு வரும்வரை தம் தூண்டிலில் ஒரு குஞ்சு மீனும் சாகக் கூடாது.

நேர்த்தி வெறுஞ்சொல்லாக நிற்கவில்லை. கடித்த மீன் கழன்றுபோகாதபடி தூண்டில் முள்ளில் ஓர் எதிர்முனை இருக்கும். தம் முட்கள் அனைத்திலும் அதனை அரத்தால் அராவி மழுக்கிவிட்டார். நனைக்காத கையால் சிறு மீனைத் தொடமாட்டார். உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்பு உரிந்து புண்ணாகும் என்பார். கடலோர உப்பேரியான களப்பில் அவர் விட்ட குஞ்சுகள் வாலை ஒருமுறை சுழற்றி மறைவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அவர் களப்பின் ஆழமற்ற நீரிலேயே தூண்டில் போட்டுப் பழகியவர். கடல் அமைதியுற்றிருந்த மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நாங்கள் நானா என்று அழைக்கும் முஸ்லிம் நண்பர் ஒருவர், தம் தோணியில் எங்களிருவரையும் வெளிக்கடலுக்கு அழைத்துச் சென்றார். நீருக்கடியில் பெரும் பாறைத்திட்டு ஒன்றிருக்கும் இடம் அது.

"கூப்பன் அரிசிக்குக் கறியில்லாம ஊரே காயுது. நீ என்னடா எண்டா மீனுக்கு நோகாம முள்ளு போடுறாய்," என்று நானா வழியெல்லாம் சீண்டினார்.

"உங்கட முள்ளுல வாறத நீங்க தின்னுங்க நானா. என்ட கதை மாதாவோட," என்றார் வீட்டுக்காரர்.

அவருடைய கயிறுதான் முதலில் அதிர்ந்தது. களப்பில் இழுக்கும் வழக்கப்படியே விறுவிறுவென்று இழுத்தார். உள்ளங்கையளவான கலவாய்க் குஞ்சு. கையை நனைத்து, முள்ளைக் கழற்றி, மெல்ல நீரில் விட்டார்.

அது போகவில்லை. வயிறு ஊதி, விழிகள் பிதுங்கி, வாய்வழியே இளஞ்சிவப்பாய் ஒரு பை வெளித்தள்ளி, மல்லாந்து மிதந்தது. ஆழத்து நீரின் பாரத்தில் ஒடுங்கியிருந்த உட்காற்று, அப்பாரம் நீங்கியதும் பருத்துவிட்டது. களப்பு மனிதராகிய அவர் இதனைக் கண்டதில்லை.

"செத்துப்போச்சா மாஸ்டர்?" என்று கேட்டார் அவர்.

"இல்ல. செவுள் அசையுது."

மேலே ஆலாப் பறவையொன்று வட்டமிடத் தொடங்கியது. அவர் துடுப்பால் மீனை அமிழ்த்தினார். அது தக்கைபோல் மேலெழுந்தது. மறுகணம் மீனை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு கடலிற் குதித்தார். மூச்சுள்ளவரை கீழே சென்று அங்கே அதனை விட்டிருப்பார். மூச்சுத் திணற அவர் மேலே வந்தபோது, மீன் அவருக்கு முன்னரே வந்து மிதந்துகொண்டிருந்தது.

"டேய், மீனக் காப்பாத்து, இல்லாட்டி உன்னக் காப்பாத்து! ரெண்டு பேரையும் தூக்க எனக்கேலாது!" என்று கத்தியபடியே நானா கைகொடுத்தார். "வயித்தக் குத்திக் காத்த எடுத்து விடன்."

"குத்திச் செத்தா என்ட கையாலதானே சாகும்?" மீனைத் தோணியின் ஓரத்து நீரில் தாங்கிப் பிடித்தபடி அழுதார் அவர்.

அதன்பின் நானா சீண்டவில்லை. மீனை எட்டிப் பார்த்து, "சங்கு குளிக்கிறவன் கல்லோடதானே மச்சான் இறங்குறான்," என்றார்.

வீட்டுக்காரர் உடனே புரிந்துகொண்டார். எதிர்முனை மழுங்கிய முள்ளின் வளைவில் கயிற்றைக் கட்டி, அதனை மீனின் கீழுதட்டில் தலைகீழாக மாட்டினார். மேல்நோக்கி ஒரு சுண்டு சுண்டினால் அது தானே கழன்றுவிடும். அதன் கீழே கனத்த ஈயக்குண்டு ஒன்றைக் கட்டிக் கயிற்றை மெல்ல விட்டார்.

நீர் பளிங்காயிருந்தது. வெண்ணிற வயிறு சுழன்று சுழன்று இறங்கிற்று; நாணயமளவாகி, கடுகளவாகி, நீலத்துள் கரைந்தது. அதன்பின் எங்களுக்குக் கண்ணில்லை. கயிறு ஒன்றே இருந்தது. அதுவும் உயிரற்ற பாரமாகவே தொங்கியது. குண்டு பாறையைத் தொட்டது. அவர் உதடுகள் மாத்திரம் செபத்தில் அசைந்தன.

திடீரென அவர் என் கையைப் பற்றிக் கயிற்றின்மேல் வைத்தார். "புடிச்சுப் பாருங்க மாஸ்டர். உதைக்குது. வயித்துக்குள்ள புள்ள உதைக்கிற மாதிரியே உதைக்குது!"

முதலில் ஒரு சிலிர்ப்பு. பிறகு ஒரு வெட்டு. பிறகு விடாத துடிப்பு. மனிதன் இறங்கினால் நெஞ்சை நெரிக்கும் பாரம், அந்தச் சிற்றுடலைப் பிசைந்து அதற்குரிய வடிவை அதற்கே மீட்டுத் தந்துகொண்டிருந்தது. கண்ணுக்கெட்டாத அந்த ஆழத்தில் ஓர் உயிர் திரும்பி வந்ததை என் சுட்டுவிரல் அறிந்தது. கற்ற சொற்கள் எவையும் அவ்வேளை எனக்குத் துணைக்கு வரவில்லை. இன்றும், இதனை எழுதுகையில், போதிய சொல் என்னிடமில்லை.

அவர் கயிற்றைச் சுண்டினார். துடிப்பு நின்றது. மேலே வந்தது வெறும் முள்.

"யா அல்லாஹ்," என்றார் நானா, மிகத் தாழ்ந்த குரலில். வீட்டுக்காரர் சிலுவை வரைந்துகொண்டு கயிற்றைச் சுற்றலானார்.

"இன்னொருக்காப் போடல்லயா மச்சான்?"

"இல்ல நானா. புள்ள பிறக்கட்டும். அதுவரைக்கும் எனக்குக் களப்பு போதும்."

பங்குனி முடியுமுன் ஒரு காலைவேளையில், சுவருக்கு அப்பாலிருந்து வீறிட்ட அழுகையொன்று என் அறைக்குக் கேட்டது. வெளியே ஓடிவந்தேன். வீட்டுக்காரர் வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை.

"என்ன நிண்டுகொண்டிருக்கிறீங்க? பொம்பிளப்புள்ள. உள்ள வந்து பாருங்க, அது உங்களத் தின்னாது!" என்றாள் மருத்துவிச்சி.

அவரோ கதவு நிலையைப் பற்றியபடி, கண்களை மூடி, அவ்வழுகை ஓயும்வரை அதனைக் கேட்டுக்கொண்டே நின்றார்.