கிணற்றை மூடச் சொன்னவன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர் ஒன்றில் நான் முனிசிபாலிட்டி சுகாதார அதிகாரியாக இருந்தேன். மனைவி முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள். வாடகை வீட்டில் சமையலும் நானே. ஊரில் என்னோடு உட்கார்ந்து பேசியவர் சேர்மன் ஒருவர்தான். அவர் வக்கீல். வாரம் இரண்டு முறையாவது ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்.

"எனக்குச் சட்டம் தெரியும் டாக்டர், கிருமி தெரியாது. நீங்க சொன்னா சரி" என்பார். அந்த அழைப்புக்காகவே காத்திருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

ஒரு சித்திரையில் தொழிலாளர் தெருவில் வாந்திபேதி வந்தது. இரண்டே நாளில் நான்கு சாவு. தெருக் கிணறு, தோல் ஊறும் தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தண்ணீர் பழுப்பாக, நாற்றமாக இருந்தது. சென்னைக்கு அனுப்பிச் சோதித்தால் பதில் வரப் பத்து நாளாகும்.

"மூடிடலாமா?" என்றார் சேர்மன்.

"மூடுங்க. ஆத்து ஊத்துல எடுக்கட்டும்" என்றேன்.

அவர் மறுகேள்வி கேட்கவில்லை. அன்று மதியமே கிணற்றின் மேல் பலகை அடித்தார்கள். குடத்தோடு நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இன்னா டாக்டரே, எங்க கிணறு இன்னா பண்ணிச்சி?" நான் கிருமியைப் பற்றி ஏதோ சொன்னேன்.

வாந்திபேதி நிற்கவில்லை. இன்னும் ஜாஸ்தியானது. அந்தப் பெண்ணின் புருஷனும் போனான். கிணற்று நீரோடு ஊற்று நீரையும் சென்னைக்கு அனுப்பியிருந்தேன். பதில் வந்தது. கிணற்றில் கிருமி இல்லை. பழுப்பு, தோல் பதனிடப் போடும் மரப்பட்டையின் வெறும் சாறு. கிருமி ஊற்றில்தான் இருந்தது; முதலில் செத்த நால்வரும் அங்கே தண்ணீர் எடுத்தவர்கள் என்று பிறகு தெரிந்தது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு சேர்மன் வீட்டுக்கு ஓடினேன். இரண்டு முறை படித்தார்.

"ஊத்தை இப்பவே அடைச்சிடறேன். கிணறு சுத்தமாயிடுச்சின்னு சொல்லித் திறக்கலாம். இந்தக் காகிதம் வெளியே வர வேணாம். வந்தா, நாளைக்கு அம்மை ஊசி போடச் சொன்னாக்கூட உங்க பேச்சை யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் சொன்னதில் நியாயமில்லாமல் இல்லை. ஆனால் மறுநாள் கவுன்சில் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு என்னுது. சேர்மன் என்னை நம்பினார்." யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

ஊற்றை அடைத்து, கிணற்றைத் திறந்த பிறகு நோய் தணிந்தது. அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் வெளியே வரவில்லை. "போங்க சாமி" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

சேர்மன் அதன் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. சந்தையை இடம் மாற்றும் விஷயத்தில் வேலூரிலிருந்து இரண்டு டாக்டர்களை வரவழைத்துத் தனித்தனியாகக் கேட்டாராம். கடைத்தெருவில் ஒருநாள் ஜட்கா வண்டியில் எதிர்ப்பட்டார்.

"நீங்க செஞ்சது சரிதான் டாக்டர்" என்றார். "ஆனா உங்க பேச்சைக் கேட்டு ஜனங்களை அந்த ஊத்துக்கு அனுப்பினது நான். எனக்குத் தூக்கம் வரல."

எனக்கும் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய ஜட்கா நகர்ந்துவிட்டது.