மாப்பிள்ளை சுட்ட மீன்

கருவேலங்கட்டையை மூட்டம் போட்டு லாரி லாரியாகக் கரி அனுப்புகிற ஊர் எங்களுடையது, கடலாடிப் பக்கம். அந்த ஊருக்குச் சென்னையிலிருந்து பாக்கெட்டில் கரி வாங்கி வந்த மகா புத்திசாலி, என் அக்கா வீட்டுக்காரர்.

கூடவே ஒரு கிரில் அடுப்பு. அதைக் கொல்லையில் நிறுத்தி, கரியைக் கொட்டினார். பற்றவில்லை என்றதும் எங்கள் பைக்கிலிருந்து பெட்ரோலைப் பிடித்து ஊற்றினார். குப்பென்று கிளம்பிய தீயிலேயே பாம்பன் விளமீனைத் தூக்கி வைத்தார்.

"கரி கனியட்டும் மாப்ள. சாம்பல் பூத்த பெறகு மீனை வைங்க" என்றார் அம்மா.

"மாப்பிள்ளைக்குத் தெரியாதாக்கும்! நீ சும்மா கெட" என்று அய்யா அம்மாவை அதட்டினார்.

மீன் வெளியே கருகி, உள்ளே பச்சையாக, பெட்ரோல் வாடையோடு வந்தது. நான் ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டேன். அய்யா முழுசையும் தின்றுவிட்டு, "பிரமாதம் மாப்ள, இன்னொண்ணு வைங்க" என்று தட்டை நீட்டினார்.

மறுநாள் மதியம் அம்மா வைத்த மீன்குழம்பை வாயில் வைத்ததும், அய்யா வழக்கம்போல "உப்பு பத்தல" என்று தட்டைத் தள்ளினார்.

"கொஞ்சம் பெட்ரோல் ஊத்தவா அய்யா?" என்று கேட்டேன்.

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அய்யா என்னைப் பார்க்கவில்லை. தட்டை இழுத்து வைத்து, கடைசிப் பருக்கை வரை தின்றுவிட்டு எழுந்தார்.

அய்யாவுக்கு நாக்கு ருசி அதிகம் என்று நம்பித்தான் அம்மாவோடு சேர்ந்து நானும் இத்தனை வருஷம் பயந்திருக்கிறேன். சமைத்தது யாரென்று பார்த்துவிட்டுத்தான் அந்த நாக்கு ருசியே பார்க்கிறது.