அமாவாசையன்றும் ஓடிய மோட்டார்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், ஆரணியில் எங்கள் தெருவிலேயே நடந்தது இது.

அப்போது நான் வேலூருக்கு அருகே ஓர் அறக்கட்டளை நடத்தும் இன்குபேஷன் சென்டரில் சேர்ந்திருந்தேன். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு மேசை, கருவிகள், ஆலோசனை எல்லாம் கொடுத்து, சொந்தக் காலில் நிற்கும்வரை தாங்கிப் பிடிக்கிற இடம். வாடகையும் இல்லை, லாபத்தில் பங்கும் இல்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இங்கேயே தொழில் நடத்தி, இங்கேயே நாலு பேருக்கு வேலை தர வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் எதிர்பார்ப்பு.

நான் செய்திருந்தது ஒரு சிறு மோட்டார். பட்டுத் தறியில் நாள் முழுக்க மிதித்து மிதித்து அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. பொத்தானைத் தொட்டால் காலின் வேலையை இது செய்துவிடும். அம்மாவின் தறியில் நன்றாகவே ஓடியது. எங்கள் தெருவில் இன்னும் நான்கு வீடுகளுக்குக் கொடுத்து, ஒரு மாதம் ஓட்டவிட்டு, தினம் எத்தனை மணி நேரம் ஓடியது, என்ன குறை என்று நெய்கிறவர்களைக் கேட்டுப் படிவத்தில் எழுதி வரச் சொன்னார்கள். அதை வைத்துத்தான் என்னை அடுத்த கட்டத்துக்கு எடுப்பார்கள்.

காலையில் பஸ், மாலையில் பஸ். திரும்பும்போது யார் வீட்டு வாசலிலும் நிற்கத் தெம்பு இருக்காது. போனாலும் "இன்னொரு நாள் வாம்மா, கையில வேலை இருக்குது" என்பார்கள். நெசவாளி மகளுக்குத் தெரியாததை இவர்கள் என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்று எனக்குள் ஒரு திமிர். ஒருநாள் பஸ்ஸில் மடிமேல் வைத்து, நான்கு படிவங்களிலும் முப்பது கட்டங்களை நானே நிரப்பினேன். தினம் ஆறு மணி நேரம். குறை எதுவும் இல்லை.

அவற்றைப் படித்துவிட்டுத்தான் அன்று காலை சென்டர் மேடம் நேரில் வந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். மோட்டார் கொடுத்திருந்த பக்கத்து வீட்டுக்கு என்னோடு வந்தார்; அங்கே அக்கா தறியில் இருந்தார்.

"முப்பது நாளும் ஓட்டியிருக்கீங்க. ரொம்ப சந்தோஷங்க" என்றார் மேடம்.

அக்கா கையை நிறுத்தினார். "முப்பது நாளுமா? அமாவாசை அன்னிக்கு எங்க தெருவுல எவ தறியில உக்காருவா?" என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா பாப்பா, காலேஜு போனதும் அதுகூடவா மறந்துட்ட?"

மோட்டார் எங்கே என்று மேடம் கேட்டார்.

"அதோ, பரண் மேல கெடக்குது. ரெண்டு நாள் மாட்டிப் பார்த்தேன். அது உர்ருனு கத்திகினு இருந்தா, இழை அறுந்தா எனக்கு எப்படித் தெரியும்? பாதி காதாலதான நெய்யறோம். ஆசையா செஞ்சுகுடுத்த பொண்ணாச்சேனு திருப்பிக் குடுக்கல. இவளும் வந்து கேக்கல."

மேடம் கோபப்படவில்லை. தெருமுனை வரை நடந்தார். காரில் ஏறுமுன், "இந்தப் படிவங்களை நம்பி நாப்பது வீட்டுக்குச் செய்யச் சொல்லி எழுதத்தான் இன்னிக்கு வந்தேன்" என்றார். அதற்குப் பதில் அவர் திட்டியே இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "எனக்குந்தான் அந்தச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழல. நீ செஞ்சதாச்சேனு ஓட்டிகினு கெடக்கறேன்" என்றார்.

அந்தச் சுற்றில் என்னை எடுக்கவில்லை. ஆனால் மேசையைக் காலி செய்யச் சொல்லவும் இல்லை. ஆறு மாதம் கழித்து, கேட்டு எழுதிய படிவங்களோடு வா என்றார்கள். மாலைகளில் ஒவ்வொரு தறியின் பக்கத்திலும் போய் உட்கார்ந்தேன். சத்தம் அடங்க மோட்டாரை மூன்று முறை பிரித்துக் கட்டினேன். இப்போது பதினோரு வீடுகளில் ஓடுகிறது. நாற்பது இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது. சில நாள் இதெல்லாம் எதற்கு என்று அலுத்துப்போகிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான், அதில் இன்றும் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் படிப்பைக் கொண்டு, எங்கள் தெருப் பெண்கள் சொல்லாததைச் சொன்னதாக எழுதினேனே, அது மட்டும் இன்னும் ஆறவில்லை.